சேலை மூட்டையோடு லயத்துக்கு வந்த மருந்துக்காரர்

ரபீக் நானா போய்விட்டார். இப்போதுதான் போன் வந்தது... பதுளை டவுன் கிளினிக் ஒன்றில் எனக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். லுணுகலையில் பஸ் ஏறிவிட்டேன், ஏறிய வேகத்தில் பேஸ்புக்கில் எழுதுகிறேன்.

எந்த கிளினிக் என்று இத்தனை வருஷம் யாருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கூடவே ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி.

மருந்து ஜன்னலில் நானா அந்தப் பெயர்களைச் சொல்லமாட்டார். "பெரிய தொரை எப்படி, சின்ன தொரை எப்படி?" என்பார். வரிசையில் நிற்பவர்கள் தேயிலைத் தோட்டத்து அதிகாரிகள் கதை என்று நினைப்பார்கள்.

ஒரு தடவை சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகப் போனது. காமாலை என்றால் எங்கள் மடுல்சீமைப் பக்கம் கீழாநெல்லிதான். பத்தியத்தோடு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று கிளினிக் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டாம் மாதம் பாயை விட்டு எழ முடியவில்லை.

ஒருநாள் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில், "சேலை... சேலை..." என்று குரல். தோளில் மூட்டையோடு நானா! தேதிக்கு நான் வராததைப் பார்த்து, யாரும் சந்தேகப்படாதபடி சேலைகளுக்குள் மாத்திரையை வைத்து, பஸ்ஸை விட்டிறங்கி அந்த மலை ரோட்டில் நடந்தே வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு ராசம்மா விடவில்லை. "சாயம் போகுமா நானா?"

"ஒங்கட வாய் ஓயுற வரைக்கும் போகாது தங்கச்சி."

உள்ளே வந்து என் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாத்திரைய உட்டீங்களா?"

"காமாலைக்கு வேற மருந்து குடிக்கிறேன். அதுவும் இதுவும் ஒத்துக்காதுங்க."

"அந்த ஒரு மாத்திரைதான் அண்ணே ரெண்டு தொரையையும் கட்டிப் போட்டிருந்திச்சு. நீங்களே அவுத்து உட்டுட்டீங்களே."

அன்றே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். இதை முதல் நாளே யாராவது தமிழில் விளங்கச் சொல்லியிருக்கலாம்... அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாது.

அடுத்த மாதம் தமிழ் ஆட்களின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவர் கையெழுத்து: "நிறுத்த வேண்டாம். கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்." என் சண்டையால் வந்த எழுத்து அது!

போன மாதம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு தொரையும் அடங்கிட்டாங்க. நீங்கதான் இன்னும் அடங்கல்ல."

கொழும்பில் இருக்கும் என் மகனுக்கே இதை வாசித்தால்தான் தெரியும். போன் எடு மகனே, பேசுவோம். அழிக்கச் சொல்லாதே, அழிக்கமாட்டேன்.

காலை மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன் நானா. நிம்மதியாகப் போங்கள்.