அக்காவின் பச்சைச் சல்வார்

மத்திகிரி நிறுத்தத்தில் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் சுடிதார்தான். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் அக்கா இதே தெருவில் பச்சைச் சல்வாரும் கமீஸுமாக நடந்த நாட்களில், யார் என்ன சொல்வார்களோ என்று வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்தவள் நான்.

கல்யாணமான மறுவருஷமே தாலியிழந்து வீட்டோடு வந்தவள் அக்கா. அம்மாவே தன் கையால் அவளுக்கு வெள்ளைப் புடவை உடுத்திவிட்டாள். அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் கன்றுகளுக்குப் பால் புகட்டும் வேலை கிடைத்தது. சாணிக்கு நடுவே வெள்ளைப் புடவை என்ன பாடு படும்? அது போதாதென்று கன்றுகள் வேறு முந்தானையைச் சப்பி இழுக்கும். பண்ணைக் குடியிருப்பிலிருந்த பஞ்சாபி அம்மாள் பரிதாபப்பட்டுத் தன் பழைய உடுப்பைக் கொடுத்தாள். கொட்டகையில் மாற்றிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தாள். அக்கா அதோடே வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பச்ச கலரு உனக்கு ஆவாதுடி" என்றாள் கடைசியில்.

"கலர்ப் பொடவதான் கட்டக்கூடாதுன்னாங்க. இதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் அக்கா.

உண்மைதான். பூ, பொட்டு, வளையல், புடவை என்று எல்லாவற்றுக்கும் ஊரில் கட்டுப்பாடு இருந்தது. சல்வாரை எவரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. மூன்று பாஷையும் புழங்கும் எல்லையோர ஊர் எங்களுடையது; கிணற்றடியில் பெண்கள் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்து, நடுவில் தெலுங்கிலும் திட்டினார்கள். அவள் எதை மீறினாள் என்று மட்டும் ஒருத்தியாலும் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தூக்கமும் போயிற்று. புருஷன் செத்த பிறகு அக்கா கைவீசி நடந்தது அப்போதுதான். அந்த நடையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பிடுங்கத்தான் பெரியப்பா வேப்பனப்பள்ளியிலிருந்து வந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததே சட்டம். அக்கா பச்சை உடுப்பில் வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

"ஆம்பள மாதிரி கால்சட்ட போட்டுக்கினு திரியறதா? வெள்ளப் பொடவையக் கட்டிக்கினா வேலைக்குப் போவட்டும். இல்லாட்டி வூட்டோட கெடக்கட்டும்" என்றார்.

அக்கா அசையவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா அடுப்பிலிருந்து நிமிராமலே, "அவளுக்கு வெள்ளப் பொடவ இல்லீங்க மாமா" என்றாள்.

"இருந்துச்சே?"

அம்மா களிப் பானையை இறக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சூட்டுக்கு இரண்டு கையிலும் பிடித்திருந்த கரித்துணி வெள்ளையாக இருந்தது. அக்காவின் புடவைதான். கிழித்த ஓரத்தில் நூல்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கிழித்தாள் என்று எங்களுக்கே தெரியாது.

"சாப்புடுங்க மாமா" என்றாள். "அவளுக்கு நேரமாவுது."