குற்றம் குறைந்ததென்று குழாய் கட்டிச் சொன்னோம்

அடுத்தவர் எழுதிக் கொடுத்த நல்ல சேதியை ஊர் ஊராகப் போய்ச் சத்தம் போட்டுச் சொல்வதைப் போல லேசான வேலை உலகத்தில் கிடையாது என்று யாராவது சொன்னால், அவரை ஒரே ஒரு நாள் எங்கள் பிரசார வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

நாடு விடுதலை அடைந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. சர்க்கார் என்னென்ன செய்கிறது என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு வண்டி, அதன் தலையில் ஒலிபெருக்கிக் குழாய், உள்ளே ஒரு பேச்சாளர். பேச்சாளர் நான்தான். வண்டி ஓட்டுவது, குழாய் கட்டுவது, பாட்டரியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஞானமுத்து அண்ணாச்சி. பேச்சு மேலிடத்திலிருந்து அச்சாகி வரும். அதில் ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எந்த ஊருக்குப் போவது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். என் தலையில் விழுந்த பேச்சு, ‘குற்றத் தடுப்பில் நமது சர்க்காரின் சாதனைகள்’. சங்கரன்கோவிலில் வண்டியை நிறுத்திக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க இதையே பாட வேண்டும். பிறர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு, அதற்குண்டான வசவை மட்டும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தேரடியில் ஒரு விண்ணப்பம்

ஆடித்தபசு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சங்கரன்கோவில் தேரடியில் வண்டியை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். “மகாஜனங்களே! நாட்டில் களவு பெருமளவு ஒடுக்கப்பட்டுவிட்டது. இனி நீங்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாம்!” திருவிழாக் கூட்டத்துக்கு வளையலும் பொரிகடலையும்தான் கண்ணில் பட்டதே தவிர, நான் படவில்லை. என்னை மிகுந்த அக்கறையோடு கேட்டவர் ஒரே ஒருவர். வண்டிக்கு நேர் எதிரே சாக்கு விரித்துக் கடை போட்டிருந்த பெரியவர். ஒவ்வொரு வரிக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவ்வளவு உருக்கமாகவா பேசுகிறோம் என்று எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து வந்தார். செம்பு நிறைய மோர் கொண்டு வந்து கொடுத்தார். அப்புறம்தான் அவருடைய சாக்கைப் பார்த்தேன். பெரிதும் சிறிதுமாகப் பூட்டுகள், அவற்றின் சாவிக்கொத்துகள். அவர் கோபப்படவேயில்லை. குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்: “தம்பி, நீரு சொல்லுதது நல்ல சேதிதான், யாரு இல்லன்னா? ஆனா தபசு முடியுத மட்டும் இந்தச் சேதியைக் கொஞ்சம் அடக்கி வச்சுக்கிடப்படாதா? நான் பூட்டை வித்துட்டுப் போயிருதேன்லா!”

கருங்கோழி

பனவடலிசத்திரத்தில் நல்ல கூட்டம். விதைப்புக்கு மழையை எதிர்பார்த்துச் சும்மா இருந்த ஜனங்கள், மரியாதையாகக் கேட்டார்கள். வடக்கே எங்கேயோ கொள்ளைக் கூட்டங்கள் அடக்கப்பட்ட விவரத்தை நான் வீராவேசமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் முன்னால் வந்து நின்று அழத் தொடங்கினாள். அவளுடைய கருங்கோழியைக் காணவில்லையாம். அடைக்கு வைத்த முட்டையெல்லாம் ஆறிப் போகிறதாம். “அந்தக் குழாய்ல ஒரு வார்த்தை சொல்லேன், எய்யா” என்றாள். சர்க்கார் குழாயில் கோழியைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் கிடையாது என்றேன். அவள் அழுகை இரட்டிப்பாயிற்று. அழுகிறவர்களிடம் விதியைப் பற்றிப் பேசுகிற கல்நெஞ்சு எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஞானமுத்து அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் சொன்னேன். “அடைக்கோழி ஒன்று காணாமல் போயிருக்கிறது. கருப்பு நிறம். பிடித்து வைத்திருப்பவர்கள் உடனே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

பேச்சின் மிச்சத்தை நான் படித்து முடிப்பதற்குள், எந்தக் கூடைக்கு அடியிலிருந்து விடுதலை ஆனதோ, கோழி தெருவின் நடுவே கொக்கரித்துக்கொண்டு ஓடி வந்தது. ஊரே கை தட்டியது. எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அந்த அம்மாள் கோழியை இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “ஊர்ப் பெரியாளு எல்லார்ட்டயும் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. இது குழாய்ல சொன்ன சொல்லுல்லா, நடக்காமப் போவுமா?”

சீட்டு இல்லை

கோழியின் புகழ் எங்களுக்கு முன்னாலேயே சங்கரன்கோவில் வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். நெடுநெடுவென்று உயரம், ஆனால் அந்த உயரத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போன்ற ஒரு குனிவு. பெயர் மாடசாமி. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

பழைய ரேகைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில சாதிகளில் பிறந்துவிட்டாலே அவன் திருடன் என்று வெள்ளைக்காரன் முடிவு கட்டிவிட்டான். கைரேகையைப் பதிந்து வைத்துக்கொண்டு, வரிசையில் உட்கார வைத்துப் பேர் கூப்பிடுவார்கள். வெளியூர் போக வேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் சீட்டு வாங்கி, போகிற ஊர் கிராம முன்சீப்பிடம் காட்ட வேண்டும். நம் ராஜதானியில் அந்தச் சட்டம் முதலில் போனது. பிறகு டில்லி சர்க்கார் தேசம் முழுவதற்குமே அதைத் தொலைத்துத் தலைமுழுகியது. என் அச்சடித்த பேச்சில் இதற்காக ஒரு வரி உண்டு. ‘பரம்பரைக் களங்கம் துடைத்தெறியப்பட்டது.’ அந்த வரி யாருக்குமே புரிந்ததில்லை என்பதை மாடசாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய மகள் பேச்சியம்மாளைத் திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தலைச்சன் பிள்ளை. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தாய் இல்லாத பெண், தகப்பன்தான் போய் அழைக்க வேண்டும். போனார். ஊர் எல்லையிலேயே முன்சீப்பின் ஆள் சீட்டுக் கேட்டான். சீட்டு இல்லாதவரை வீட்டில் ஏற்றச் சம்பந்தக்காரர்களுக்கும் பயம். திரும்பி வந்து ஸ்டேஷனில் சீட்டுக் கேட்டார். சட்டமே இல்லை, சீட்டுக்கு எங்கே போவது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனார், மறுபடியும் எல்லையிலேயே நின்று திரும்பினார். பெண்ணுக்கு மாசம் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் வண்டியில் ஏற்றி வர முடியாது. தாயுமில்லை, தகப்பனும் பக்கத்தில் இல்லை என்று அந்தப் பெண் அங்கேயே கிடந்து பெற வேண்டியதுதான்.

அந்த ஊரில் வந்து குழாயில் சொல்லுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. எங்களுக்குப் போட்டுக் கொடுத்த ஊர்களில் அது இல்லை. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்: “ஸ்டேஷன்ல ‘சட்டம் போயிட்டு, சீட்டு கிடையாது’ங்காவ. முன்சீப்பு ‘சட்டம் கிடக்கட்டும், சீட்டு எங்கலே’ங்காரு. நான் எந்தச் சர்க்காருக்குள்ள இருக்கேன், அதை மட்டும் சொல்லுங்கய்யா.”

ரேடியேட்டருக்குத் தாகம்

பாதை மாறிப் போனால் மெமோ வரும். மெமோவுக்குப் பின்னால் வீட்டுக்குப் போ என்ற உத்தரவு வரும். எனக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு நாதி இல்லை. ராத்திரி ஊர்ப் பட்டியலை மறுபடி மறுபடி புரட்டினேன். காலையில் ஞானமுத்து அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவர் வேதக்கோவிலில் ஏசுவின் மேல் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். பொய் சொல்லவே மாட்டார். “திருவேங்கடம் சந்தைக்குப் போற வழியில நம்ம வண்டி சூடாகும். சூடானா தண்ணி ஊத்தணும். கிணறு எந்த ஊர்ல இருக்கோ அங்கனதான் போவணும். இது மேலிடத்துக்கும் தெரியும்” என்றார். எந்த இடத்தில் சூடாகும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஊற்றினார்.

மாடசாமியைப் பின்னால் ஏறி உட்காரச் சொன்னோம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கறுத்த வண்டி, பின்புறம் கதவு, கம்பி வைத்த ஜன்னல். அதில் எங்களுக்குத் தெரிந்தது சர்க்கார் வண்டி. அவருக்குத் தெரிந்தது வேறு. ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு, முன்னால் நடக்க ஆரம்பித்தார்: “இதுல போயி இறங்கினா, பிடிச்சுக் கொண்டாந்திருக்காவன்னு ஊரு சொல்லிரும். மகளுக்குக் கேவலம். நான் இப்பமே நடந்து போறேன், நீங்க மெல்ல வாங்க.”

எல்லைக் கல்

மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். சொன்னபடி வண்டி சூடானது. கிணற்றடியில் நிறுத்தி, குழாயைத் திருப்பி வைத்தோம். ஆட்கள் கூடினார்கள். அச்சடித்த பேச்சை மடித்து இருக்கையில் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். “ரேகைச் சட்டம் போய்விட்டது. யாரும் யாரிடமும் சீட்டுக் கேட்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் எந்த ஊருக்கும் போகலாம், வரலாம், தங்கலாம்.” கிராம முன்சீப் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். “எனக்கு மேல இருந்து ஒரு தகவலும் வரலியே. நாளைக்கு ஒரு களவு போச்சுன்னா என் தலையத்தானே உருட்டுவாவ?” என்றார். நான் அவர் தலைக்கு மேலாகப் பார்த்தேன். தூரத்தில் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மாடசாமி நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எங்களுக்கு முன்பே வந்து அங்கேயே நின்றிருக்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, ஒலிபெருக்கியில் உரக்கக் கூப்பிட்டேன். “மாடசாமி! ஊருக்குள் வரலாம்!”

அவர் வரவில்லை. அந்தப் பெயர் குழாயில் வந்து விழுந்த கணத்தில், நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தினார். வலது கையைத் தூக்கி, “இருக்கேன் சாமி!” என்றார். ஆயுசு முழுக்க வரிசையில் உட்கார்ந்து பேருக்குக் கை தூக்கிய உடம்பு, அது சர்க்கார் குரலைக் கேட்டதும் தானாகவே மடங்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானமுத்து அண்ணாச்சி என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் மாடசாமியிடம், “அண்ணாச்சி, எந்திரிங்க அண்ணாச்சி” என்றேன். என் குரல் உடைந்ததை அந்தப் பாழாய்ப் போன குழாய் ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் போனாள். மேடிட்ட வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மாமியார் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனாள். போய் அவரை எழுப்புவாள் என்று நினைத்தோம். அவள் எழுப்பவில்லை. “எய்யா” என்று சொல்லி, தரையில் கையூன்றி, மெல்ல அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் சுடுமண்ணில் அப்படியே இருந்தார்கள்.  முன்சீப் விடுவிடுவென்று நடந்து போய், குடையை அவர்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்தார். அதுவரை எல்லாருமே மாடசாமியை ‘வாலே, போலே’ என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். முன்சீப் மரியாதை கூட்டிச் சொன்னார்: “எந்திரியும் வே மாடசாமி. மாசமா இருக்க பிள்ளை வெயில்ல இருக்கா. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடியும், கூட்டிட்டுப் போறதுக்கு நல்ல நாள் பாப்போம்.”

தென்காசிக்கு ஒரு டிக்கெட்

மெமோ வந்தது. வண்டி சூடானதற்கு ஞானமுத்து அண்ணாச்சி கொடுத்த விளக்கத்தை மேலிடம் ஏற்றுக்கொண்டது. பேச்சியம்மாளுக்குத் தகப்பன் வீட்டிலேயே சுகப்பிரசவம், ஆண்பிள்ளை என்று கேள்விப்பட்டேன். அப்புறம் வேறு பேச்சு, வேறு ஊர் என்று அலைச்சலில் எல்லாம் பின்னால் போய்விட்டது.

ஒரு நாள் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் மாடசாமியைப் பார்த்தேன். வெளுத்த வேட்டி கட்டி, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. எங்கே பயணம் என்று கேட்டேன். தென்காசிக்கு என்றார். அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்களா என்றேன். இல்லை. கோவிலுக்கா? இல்லை. ஏதாவது வியாபாரமா? அதுவும் இல்லை. போன வாரம் ராஜபாளையம் வரைக்கும் போய்த் திரும்பினாராம், அங்கேயும் யாரும் இல்லையாம். பின்னே எதற்கு அண்ணாச்சி என்று நான் விடாமல் கேட்டதும், என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். வருகிற ரயிலைப் பார்த்து எழுந்து நிமிர்ந்து நின்றார். அப்போதுதான் அவருடைய முழு உயரமும் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “சும்மாதான். போவலாம்லா, அதான் போறேன்.”

குற்றத் தடுப்பில் சர்க்காரின் பெரிய சாதனை எது என்று இன்றைக்கு யாராவது கேட்டால், ஒரு காரியமும் இல்லாமல் தென்காசிக்கு ரயிலேறிய மாடசாமியைத்தான் சொல்வேன், ஆனால் அப்படி ஒரு பேச்சை எழுதி அனுப்பினால் மேலிடம் அச்சடித்துத் தராது என்பதும் எனக்குத் தெரியும்.