அட்டமியில் வெளிக்கிட்ட அம்மா

இன்று குட்மேய்ஸில் ஒரு சீனக் கடைக்காரர் நாட்காட்டித் தாளைச் சரக்கென்று கிழித்தார். அந்த நாட்காட்டி என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

அப்போது மிச்சம் என்ற ஊரில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே குடியிருந்தோம். ஒருநாள் அப்பா பெல்ட் கொக்கியால் அம்மாவின் நெற்றியைப் பிளந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு கீழே ஓடினார். கடைக்கார லின் அன்ரி கதவைப் பூட்டினார். அப்பா உதைத்த உதையில் கதவுக் கண்ணாடி நொறுங்கியது.

“ஈலிங்கிலை அக்கா இருக்கிறா. ஆனா இண்டைக்கு அட்டமி, வெளிக்கிடக் கூடாது,” என்று அம்மா அழுதார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

லின் அன்ரி சுவரிலிருந்த சீன நாட்காட்டியில் விரலை ஊன்றினார். “வீடு மாற இன்று நல்ல நாள் என்று இதில் இருக்கிறது. போ!”

உடைந்த கண்ணாடிக்குள்ளால் அப்பாவின் கை தாழ்ப்பாளைத் தேடியது. லின் அன்ரி கொதித்த எண்ணெயை அகப்பையால் அள்ளி அந்தக் கையில் ஊற்றினார். அப்பா அலற, நாங்கள் பின்கதவால் ஓடினோம்.

போன மாதம் அப்பா செத்துப்போனார். “செத்தவீட்டுக்கு வாறியளோ அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு வேலை இருக்கு. நீ போட்டு வா.”

பெட்டிக்குள் அவருடைய கை வெந்த தழும்போடு கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.