பேர் எழுதிய பாட்டில்கள்

எச்.ஆர். மேனேஜர் தன் போனை என் முன்னால் நீட்டினார். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் ஆட்கள் விளையாடும் கிரவுண்டில் எடுத்த போட்டோ. ஒரு பசுமாடு பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. பையில் எங்கள் கம்பெனி பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"மாட்டுக்காரர்தான் கிரவுண்டு ஓனர். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா கிரவுண்டே கிடையாதுன்னுட்டாரு. நீங்கதானே சுற்றுச்சூழல்? பாத்துக்கோங்க."

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஈ.எச்.எஸ். ஆபீசராக இருந்தேன். பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இரண்டும் என் பொறுப்பு. அதாவது, ஹெல்மெட் போடாதவனையும் திட்டலாம், குப்பை போடுகிறவனையும் திட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் அந்த கிரவுண்டில் ஆடுவார்கள். காலையிலிருந்து ஆண்களின் டென்னிஸ் பால் கிரிக்கெட். மூன்று மணிக்குப் பெண்களின் த்ரோபால். ஆண்கள் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில், டீ கப், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் கிடக்கும். இதே ஆட்கள் கம்பெனிக்குள் ஒரு நட்டு விழுந்தால்கூடக் குனிந்து எடுப்பார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு டிராலி நிற்காது. கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் கை தானாகத் திறந்துகொள்ளும்.

விவரம் தெரியாமல் போடுகிறார்கள் என்று முடிவு செய்தேன். என் முட்டாள்தனமான முடிவுகளில் இதற்கு நல்ல இடம் உண்டு. போஸ்டர் அடித்து மரங்களில் கட்டினேன். மேட்சுக்கு முன் உறுதிமொழி எடுக்கவைத்தேன். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் டீம் கேப்டன் தேசிங்கு வலது கையை நீட்டிக் கணீரென்று சொன்னான். சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தான். அதே வலது கையால் பாட்டிலை விசிறினான்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை எஸ்தர் என் கேபினுக்கு வந்தாள். வயரிங் லைனில் வேலை. த்ரோபால் டீம் கேப்டன் அவள்தான்.

"சார், வாராவாரம் அரை மணி நேரம் குப்பை பொறுக்கிட்டுதான் நாங்க ஆடறோம். நேத்து உங்க போஸ்டரையும் சேத்துப் பொறுக்கினோம்."

"நான் பேசறேன்மா."

"நீங்க பேசினது போதும் சார். நாங்க பாத்துக்கறோம்."

அடுத்த திங்கள், ஷிப்ட் மாறும் நேரம். எஸ்தரும் நாலு பெண்களும் இரண்டு மூட்டையோடு பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தார்கள். பாட்டில் மாறிப்போகாமலிருக்க ஆண்கள் அதில் மார்க்கரால் பேர் எழுதுவது வழக்கம். அந்தப் பேரைப் படித்து, அவரவர் மெஷினிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"தேசிங்கு அண்ணா, கிரவுண்டுல மறந்துட்டு வந்துட்டீங்க. மூணு கீது."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை. ஷாப் முழுக்கச் சிரித்தது. தேசிங்கு மூன்று காலி பாட்டில்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

எனக்கும் ஒன்று வந்தது. மூடியில் என் கையெழுத்தில் 'ஈ.எச்.எஸ்.'

பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் கொதித்துப்போனார். "லைனுக்குள்ள குப்பைய கொண்டாந்தாங்க சார். மெமோ குடுங்க."

விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் எஸ்தர் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்ப ஒரு மெமோ போதும்.

"குடுத்தா பாட்டில்காரங்க எல்லாருக்கும் குடுக்கணும். முதல் மெமோ எனக்கு. ரெண்டாவது உங்களுக்கு. எழுதட்டுமா?" என்றேன்.

அவர் பேரும் ஒரு பாட்டிலில் இருந்தது. போய்விட்டார்.

ஆண்கள் உடனே திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். யார் பாட்டில் யாருடையது என்று தெரியாமல் ஒருவர் எச்சிலை ஒருவர் குடித்து, எல்.பி.டபிள்யூ. சண்டையைவிடப் பெரிய சண்டை வந்தது. வெறுத்துப்போன தேசிங்கு வீட்டிலிருந்து இருபது லிட்டர் கேனும் நாலு எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவந்தான்.

"சுற்றுச்சூழல்லாம் ஒண்ணும் கிடையாது சார். தண்ணிக்கே சண்டை போட்டுக்கினு இருந்தா மேட்சு எப்ப ஆடறது?"

ஜெயிக்கிற டீம் அது. மற்ற டீம்களும் கேன் கொண்டுவந்தன. பாட்டில் நின்றது. கப்பும் பொட்டலமும் நிற்கவில்லை.

என்ன செய்யலாம் என்று எஸ்தரிடமே கேட்டேன்.

"காலைல கிரவுண்ட எங்களுக்குக் குடுங்க சார். மூணு மணி வெயில்ல ஆடிப் பாத்திருக்கீங்களா?"

அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை, நான் உள்பட. ஆண்கள் முனகினார்கள். நான் நேரத்தை மாற்றிவிட்டேன்.

அந்த ஞாயிறு பெண்கள் ஏழு மணிக்கே ஆட ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு ஆண்கள் வந்தபோது கிரவுண்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பெண்கள் போகாமல் வேலியோரம் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார்கள். தேசிங்கு டீ குடித்து முடித்தான். கப்போடு கை உயர்ந்தது. சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். கை இறங்கியது. கிரவுண்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னா சார், இத்த எங்க போடறது?"

நானும் சுற்றிப் பார்த்தேன். இத்தனை வாரத்தில் ஒரு குப்பைத்தொட்டி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"குடுப்பா" என்று கையை நீட்டினேன். அவனைப் பார்த்து இன்னொருவன் வந்தான், அப்புறம் இன்னொருவன். மேட்ச் முடிவதற்குள் என் கையிலும் பாக்கெட்டிலுமாகப் பதினேழு கப் சேர்ந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தொட்டியை வையுங்கள்.