பின் சீட்டுக்குக் கீழே ஒரு துவாரம்

அந்த வேனில் ஏறினால் எங்கள் குழந்தை தூங்கிவிடுவாள். வீட்டில் எல்லோருக்கும் அதில் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுவில், மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருந்த என் கணவர் அதை வாங்கினார். ஒரு மில்லில் எந்திரம் பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. பிறகு இரண்டு கை மாறியிருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. மேலே வெள்ளை, கீழே வெளுத்துப்போன பச்சை. இன்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிர வேண்டிய இன்ஜின். பெட்ரோல் பங்கில் யாராவது தண்ணீர்க் கேனோடு வந்தால், அதற்காகவே காத்திருந்தவர்போல என் கணவர் இறங்குவார்.

“தண்ணி எங்கீங்க ஊத்தறது?”

“இது தண்ணியே குடிக்காதுங்க.”

“அப்ப என்னத்தத்தான் குடிக்குது?”

“என்ற உசுர,” என்பேன், உள்ளே இருந்தபடி, யாருக்கும் கேட்காமல்.

அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அவிநாசி தாண்டி பெல்ட் அறுந்தது. பட்டுப்புடவையோடு நான் தள்ளியிருக்கிறேன். பக்கக் கதவு தோன்றினால் நகரும், இல்லையென்றால் நகராது. ஆனாலும் அந்த வண்டியை எனக்குப் பிடித்திருந்தது. பின் சீட்டு ஒரு கட்டிலின் அகலம். பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்து மாட்டியிருந்தேன். யார் கண்ணிலும் படாமல் குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே பயணம். சோமனூரில் தறிகள் நிற்கும் நாள் அது. அன்றைக்குத்தான் அங்கே ரிப்பேர் பார்ப்பார்கள். கணவர் தறிச் சாமான்களை இறக்கிவிட்டு, அப்படியே பெருந்துறைக்கு, என் அம்மா வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போவார். அவரும் அவருடைய அம்மாவான அத்தையும் முன்னால், இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு. நானும் குழந்தையும் பின்னால், எல்லாவற்றையும் இறுக்கமாக மூடிக்கொண்டு. காற்றுப் பட்டால் பச்சைக் குழந்தைக்குச் சளி பிடிக்கும். அவள் தலையில் கம்பளித் தொப்பி, என் காதில் பஞ்சு. அத்தை சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் நான் மூடியிருப்பேன்.

சூலூர் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். பெருந்துறையில் தூக்கினால் துணி மாதிரித் தோளில் துவண்டு கிடப்பாள். எழுப்புவதே சிரமம். எழுந்தால் குடித்த பாலைக் கக்கிவிட்டு அரை மணி நேரம் அழுவாள். என் தலையை யாரோ பிழிவதுபோல இருக்கும். பயணக் களைப்பு என்றார் அம்மா. பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். நான் முதலில் சந்தேகப்பட்டது என் பாலை. சனிக்கிழமை என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

ஒரு வாரம் வேன் ரிப்பேரில் இருந்ததால் பஸ்ஸில் போனோம். குழந்தை வழிநெடுக விழித்துக்கொண்டு கண்டக்டரின் பையைப் பிடித்து இழுத்தாள். எனக்குத் தலைவலி இல்லை. அன்றிலிருந்து வேனுக்குள் மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏதோ வாசம் வருதுங்க,” என்றேன் கணவரிடம்.

“பழைய வண்டின்னா ஆயில் வாசம் வரத்தான் செய்யும்.”

அத்தை முன்னாலிருந்து திரும்பினார். “உனக்கு எதுலதான் கண்ணு வாசம் வரல? பால்ல வருதும்ப, பவுடர்ல வருதும்ப. மூக்கக் கழட்டி வெச்சுப்போட்டு ஒரு நாளைக்கு நிம்மதியா இரு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மாதங்களில் காய்ச்சிய பாலை மறுபடி காய்ச்சுவேன். பூட்டிய கதவை இறங்கிவந்து பார்ப்பேன். என் மூக்கை நானே நம்பவில்லை. ஆனால் சந்தேகம் நிற்கவில்லை, ஆள் மாறியது. உக்கடம் பக்கத்தில் இந்த வண்டியின் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். கழற்றியதைப் பேப்பரில் சுற்றி ஓரமாக வைப்பார். நல்ல சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுகிறாரோ என்று நினைக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் கிலுகிலுப்பை பின் சீட்டுக்குக் கீழே உருண்டுவிட்டது. கையை விட்டுத் துழாவினேன். உள்ளங்கை அளவில் கம்பிவலை போட்ட ஒரு துவாரம். அதிலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. கோயமுத்தூர் வெயிலில் யார் கேட்டார்கள் சூடான காற்றை?

“அது குளிர் ஊருக்காக வெச்ச ஹீட்டர்,” என்றார் கணவர்.

“மூட முடியாதுங்களா?”

“அதெல்லாம் அப்படியேதான் இருக்கோணும்,” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

நான் வேதியியல் படித்தவள். படித்ததைப் பால் புட்டியைக் கொதிக்கவைக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு, போர்வை பார்க்க வேண்டும், சோமனூர் மட்டும் போய் வந்துவிடுகிறோம் என்று அத்தையிடம் பொய் சொல்லிக் குழந்தையை வீட்டில் விட்டேன். அவளுடைய வெள்ளை இடுப்புத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, துவாரத்தின் வலையில் ஓரங்களைச் செருகினேன். வழக்கம்போலக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

“முன்னால வா அம்மணி. கொழந்தையும் இல்ல, பின்னால தனியா என்ன பண்ற?”

“பழகிப்போச்சுங்க.”

சூலூரில் எனக்கும் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோமனூரில் அவர் சாமான் இறக்கப் போனதும் துணியை உருவினேன். வலையின் கட்டங்கள் ஒவ்வொன்றும் கறுப்பாக அதில் பதிந்திருந்தன. முகர்ந்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளில் போனால் வரும் அதே வாசம்.

அவர் வந்ததும் நீட்டினேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது. பட்டறைக்காரருக்குக் கரியைத் தெரியாமல் இருக்காது.

“பாய்கிட்டப் போலாம்,” என்றார்.

“ஆமாங்க. அவரத்தான் கேக்கோணும்,” என்றேன். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கடை திறந்திருந்தது. வண்டிக்கு அடியில் நீண்ட நேரம் படுத்திருந்தார். முதலில் கை மட்டும் வெளியே வந்தது. அதில் ஒரு முறுக்கிய கட்டுக்கம்பி.

“ஹீட்டர் மூடியத் தொறந்து வெச்சு இதால கட்டியிருக்கு. யாரு கட்டுனது?”

“நீங்கதானுங்க எல்லாம் கழட்டி மாட்டுனது!” என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் கம்பியைச் சரியாகப் பார்த்தேன். இடது பக்கமாக மூன்று முறுக்கு, நுனியை உள்ளே மடித்து ஒரு தட்டு. எங்கள் வீட்டுத் துணிக்கொடி அப்படித்தான் கட்டியிருக்கும். தொட்டில் கொக்கியும்.

பாய் எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபமில்லை. “நான் மூடிக் குடுத்தேம்மா. புகைக் கொழாய் துருப்புடிச்சு ஓட்டையாகுது, மாத்தற வரைக்கும் ஹீட்டரத் தொறக்காதீங்கன்னு சார்கிட்டச் சொல்லித்தான் அனுப்பிச்சேன்.”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “லோடு ஏத்துனா இன்ஜின் கொதிக்குது பாய். தண்ணியும் இல்ல. சூடு உள்ள தங்காம வெளிய போகட்டும்னு…”

“வெளிய எங்கீங்க போச்சு? புகையையும் சேத்துக்கிட்டு வண்டிக்குள்ள வந்திருக்கு.” பிறகு என்னைப் பார்த்தார். “பாப்பா எங்கம்மா?”

“வீட்டுல விட்டுட்டு வந்தனுங்க.”

“நல்லதாப் போச்சு,” என்றார். கம்பியைக் கீழே போட்டார்.

திரும்பும் வழியில் கணவர் கேட்டார். “ஏன் மொதல்லயே சொல்லல?”

“மூணு தடவ சொன்னனுங்க.”

கொஞ்ச தூரம் போனபின், “வாசம்னுதான சொன்ன,” என்றார். சண்டை போடத் தோன்றவில்லை. கம்பி கட்டியது அவர். ஞாயிறுதோறும் கண்ணாடிகளை ஒன்றுவிடாமல் மூடியது நான். யாருடைய கை பெரிய தப்பைச் செய்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். பாயை அடுத்த முறை பார்த்தபோது நன்றி மட்டும் சொன்னேன். மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பாய் புகைக் குழாயை மாற்றினார். துவாரத்தை மூட என் கணவர் தன் லேத்திலேயே வட்டமாக ஒரு தகடு கடைந்து, நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கினார். அத்தையிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பயணத்தில் வண்டி கிளம்பியதும் அத்தை திரும்பினார். “கண்ணாடிய ஏத்து கண்ணு. காத்து அடிக்குது பாரு, கொழந்தைக்குச் சளி புடிச்சுக்கும்.”

என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

“தொறந்தே இருக்கட்டும்மா,” என்றார் கணவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூலூரில் அவள் தூங்கவில்லை. சோமனூரில் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். அவிநாசியில் ஆரம்பித்த அழுகை, தொண்டை கிழிய, நிற்கவே இல்லை.

“இந்த வண்டில எப்படித் தூங்கும் என்ற தங்கம்! யாரு கண்ணு பட்டுச்சோ,” என்று அத்தை அங்கலாய்த்தார்.

அழட்டும் என்று மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். குனிந்து, சீட்டுக்குக் கீழே கையை விட்டு, தகட்டின் ஓரத்தைச் சுற்றிலும் தடவினேன். காற்று வரவில்லை. பெருந்துறை வருவதற்குள் இன்னும் இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.