பெண் வீட்டார் பக்கம்

கணினித் திரையில் ஒரு காலி எழுத்துக் கட்டத்தைப் பார்த்தால், மதகடிப்பட்டுக் கூட்டுரோட்டில் இருந்த டி.டி.பி. கடை இன்றும் நினைவுக்கு வந்துவிடுகிறது. இப்போது நான் புதுச்சேரியில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறேன். கோப்பை இணைத்தால் கட்டங்கள் தாமாக நிரம்பிவிடுகின்றன. யார் எழுதியது, யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாது. அந்தக் கடையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். விழுப்புரம் பஸ் திரும்பும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு அதிரும். டீக்கடையின் போண்டா வாசனை உள்ளே வரும். கடையில் என்னோடு வேலை பார்த்த அக்கா தட்டச்சு செய்வார். நான் பக்கம் அமைப்பேன். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர், அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்களிடம் இருந்த டெம்ப்ளேட்கள் நான்கு: கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. மனுஷ வாழ்க்கை இதோடு முடிந்தது என்று அக்கா சிரிப்பார்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் மணமகன் வீட்டார், வலப்பக்கம் மணமகள் வீட்டார். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று தலைப்புகள் தயாராக இருக்கும்; பெயர்களை நிரப்பினால் போதும். எங்கள் ஊர்களில் பத்திரிகையை வாங்கியவர் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைத் திருப்பித் தன் பெயரைத் தேடுவார். பெயர் விட்டுப்போனவர் பந்திக்கு வரமாட்டார்.

ஒரு மாலை நல்லவாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன் விற்பவர், கணவரை இழந்தவர். மகள் அரியூரில் வேலை பார்த்த இடத்தில் எங்கள் ஊர்ப் பையனை விரும்பியிருந்தாள். அந்தக் கோபத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். பையன் வீட்டார் கரும்பு விவசாயிகள். அவர்கள் தந்த பெயர்களில் இடப்பக்கக் கட்டம் நிரம்பி, எழுத்து மிஞ்சியதைக் காட்டும் சிவப்புக் குறி மூலையில் விழுந்தது. வலப்பக்கத்தில் அந்த அம்மாவின் பெயர் மட்டும் நின்றது.

நான் எழுத்தைப் பெரிதாக்கி, மிச்ச இடத்தில் தாமரைக் கொத்து ஒன்றை வைத்தேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தாம்மா கீது. நாளைக்கி எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா இந்தப் பூவா வந்து கேக்கும்?"

"அப்ப யாரும்மா வந்து கேப்பாங்க?" என்றார் அக்கா.

அவர் யோசித்தார். மீன் இறங்கும் கரையில் தன்னோடு கூட்டாக ஏலம் எடுத்து, ஒரே ஆட்டோவில் கூடைகளை ஏற்றிப்போகும் பெண்களைப் பற்றிச் சொன்னார். சொந்தமில்லாதவர்கள் பெயரைப் போடலாமா என்று தயங்கினார். அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டு பெயர்களைச் சொல்லச் சொன்னார். கோவிந்தம்மா, அஞ்சலை, செல்வி என்று வந்தன. சிலருக்குக் கூப்பிடும் பெயர்தான் தெரிந்திருந்தது. தாமரையை எடுத்துவிட்டு, இரு பக்க எழுத்தையும் ஒரே அளவுக்குக் குறைத்தேன்.

மறுநாள் மாதிரித் தாளைப் பார்க்க அந்த அம்மா வந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அக்கா பெயர்களை வாசித்துக் காட்டினார். பாதியில் பையனின் அப்பா உள்ளே வந்து, நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், அந்த அம்மாவை விட்டுவிட்டு அக்காவிடம்தான் பேசினார்.

"யாரும்மா இவங்கள்லாம்? தலைப்பே இல்லாம வெறும் பேரா கீது?"

நீக்கச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எங்கூட ஏலம் எடுக்கறவளுங்க," என்றார் அந்த அம்மா. "எம்பொண்ணு கைக்கொழந்தையா இருக்கசொல்ல நான் கூடைய தூக்கிக்கினு போயிடுவேன். இவளுங்கதான் மாத்தி மாத்தி வச்சிருந்தாளுங்க."

பையனின் அப்பா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பஸ் ஒன்று திரும்பியது.

"அப்ப சித்தின்னு போடும்மா. வெறும் பேரா இருந்தா எங்க ஜனம் யாருன்னு கேக்கும்."

"கேக்கட்டும் சம்மந்தி. அவளுங்களே வந்து பதில் சொல்லுவாளுங்க. வாயி கொஞ்சம் நீளம்."

பையனின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா 'சித்திமார்' என்று அடித்தார். இடப்பக்கத்துத் 'தாய்மாமன்' எந்த அளவில், எந்தக் கறுப்பில் இருந்ததோ, அதே அளவில், அதே கறுப்பில் அதை வைத்தேன்.