நைனாவின் விமான விளையாட்டு

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதே அது கிழடு. நான் டைப் அடிக்கப் போன அம்பத்தூர் ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கியது. அதில் ஒரு விமான விளையாட்டு, கம்ப்யூட்டரைவிடப் பழசு. முழு வேகத்தில் ஓடவிட்டால் விமானம் சர்ரென்று மறைந்து, திரை அப்படியே உறைந்துவிடும். அதற்கென்றே பெட்டியின் முன்னால் டர்போ என்று ஒரு பொத்தான். உள்ளே அழுத்தினால் வேகம், பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். மறுபடி அழுத்தி வெளியே விட்டால் நிதானம், விளக்கு அணைந்துவிடும்.

அந்த வருடம் தொழிற்சாலை இயந்திரத்தில் நைனாவின் வலது கை மாட்டிக்கொண்டது. எத்தனையோ வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் எரிந்து விழுவார். விமானம் ஓட்ட மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கே உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது வாரம் அந்த விரல்கள் கொஞ்சம் மடங்கின. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் தன் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறவர், லீவில் இருந்ததால் கம்ப்யூட்டருக்கு வைத்தார். அடிபட்ட கையாலேயே, தாராளமாக.

மறுநாளிலிருந்து விமானம் கிளம்பியதும் திரை உறைந்தது.

"என் கை பட்டாலே எல்லாம் பாழாப் போவுது, வுட்டுரும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தவர் அந்தப் பக்கமே வரவில்லை. கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கி ரயில் தண்டவாளத்தில் போட்டிருப்பேன்.

ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். வேறு பிளாப்பியிலிருந்து விளையாட்டை ஏற்றினேன். வைரஸ் தேடினேன். மெமரி ஒதுக்குகிற வரிகளை மாற்றி எழுத, கம்ப்யூட்டரே ஒரு நாள் கிளம்ப மறுத்தது. டர்போ மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. விளக்குதான் எரியவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை நைனா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோதுதான் உறைத்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன்மேல் காய்ந்த குங்குமம் வெளிச்சமே தெரியாமல் மூடியிருந்தது. பூஜைப் பொட்டைத் துடைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, தானாக உதிர வேண்டும். பூஜைக்கு முதல்நாள் டைப் அடிக்க நான் உள்ளே அழுத்தியிருந்த பொத்தானைச் சந்தனம் இடுக்கில் இறங்கி அப்படியே பிடித்து வைத்திருந்தது. ஈரத்துணியாலும் நகத்தாலும் சுரண்டினேன். டக்கென்று வெளியே வந்தது. விமானமும் ஒழுங்காகப் பறந்தது.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கை பட்டுத்தான் கெட்டது என்று அவர் சொன்னது சரியாகிவிடுமே.

"பிளாப்பி பூட்ச்சி நைனா. வேற போட்டேன், ஓடுது" என்றேன் வந்தவரிடம்.

என் விரல்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையை வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார். தொழிற்சாலையில் பொட்டு வைத்துவிட்டு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குழைத்தார். பெட்டியின் தலையில் ஒரே ஒரு பொட்டு.

"இந்த வாட்டி பட்டனாண்ட வெக்கலம்மா" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "அன்னிக்கு உன் நெகத்துல சந்தனம் இருந்திச்சி."

ஒரு வருடமாக என் பொய்யைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது.